அம்மா போட மறுத்த கையெழுத்து

வாசிப்பவரே, நீங்கள் சாட்சி. ஆகவே என்னோடு ஓடுங்கள்.

கார்த்திகை மாதம். வெள்ளிக்கிழமை விடியல். இலங்கையில், நமுனுகுல மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டம். முதலில் ஒரு வெடிப்பு. பச்சை மரம் நடுவே பிளக்கும் ஓசை. பிறகு அமைதி. பிறகு அடிவயிற்றில் உணரும்படியான ஓர் உறுமல்.

"மண்ணு எறங்குது! கோயில் மேட்டுக்கு ஓடுங்க!" யாரோ கத்துகிறார்கள்.

ஓடுகிறோம். அம்மா என் சட்டையைப் பற்றியிருக்கிறார். அப்பா முன்னால் ஓடினார். நின்றார். தொழுவத்தில் மாடு கட்டிக்கிடந்தது. "நீங்க போங்க, அவுத்துட்டு வாறேன்." எங்களைக் கடந்து கீழே இறங்கினார்.

மேட்டிலிருந்து திரும்பிப் பார்க்கிறேன். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள், எங்கள் லயம், இல்லை. கூரைத் தகரம் ஒன்று சேற்றின் மேல் மெதுவாக நகர்கிறது.

எங்களைப் பாடசாலை மண்டபத்தில் தங்கவைத்தார்கள். விவாதப் போட்டியில், சட்டத்தின் முன் குடிமக்கள் அனைவரும் சமம் என்று வாதாடி நான் பரிசுக் கோப்பை பெற்ற மண்டபம் அது. இப்போது அந்த மேடையில் ஈரப் பாய்கள் காய்கின்றன.

நான்காம் நாள். மாற்று வீட்டுக்குப் பதிவு செய்ய ஓர் உத்தியோகத்தர் வந்தார். இளம்பெண். தமிழ் பேசினார். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அம்மா என்றேன். அவருடைய பேனா நகரவில்லை.

அப்பா இருக்கிறாரா என்றார். தேடுகிறார்கள் என்றேன்.

"அப்ப அவருதான் தலைவர். அவரு இல்லேன்னா அம்மா, கணவர் எறந்துட்டாருன்னு ஒரு கையெழுத்துப் போடணும். விதவைன்னா அம்மா பேர்ல எழுதலாம்."

நான் பேசினேன். மேடையில் பேசியதைவிட நன்றாகவே பேசினேன். முன்பு இந்த நாட்டில் குடியுரிமை கேட்டவர்களிடம் தந்தை எங்கே பிறந்தார், பாட்டன் எங்கே பிறந்தார் என்றுதான் கேட்டார்கள். தாயைக் கேட்கவில்லை என்றேன். முப்பது வருடம் இம்மலையில் கொழுந்து பறித்த என் அம்மா, தன் பெயரில் ஒரு கதவைப் பெறுவதற்குக் கணவனைச் சாகடிக்க வேண்டுமா என்றேன். பின்னால் வரிசையில் நின்ற பக்கத்து வீட்டுச் செல்வம் அண்ணன் சிரித்தார். "தம்பி, கப்பு குடுக்கிறவங்க இன்னைக்கு வரல. பேரச் சொல்லு, வரிசை நிக்குது."

உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. தான் குடியிருக்கும் வீடும் கணவரின் பெயரில்தான் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். எழுதும் முறையை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்றார். வயது வந்த மகன் பெயரில் என்றால் அந்தக் கையெழுத்து தேவையில்லை என்றார். இன்று பதியாதவர்களுக்கு அடுத்த முறை எப்போது என்றும் அவருக்குத் தெரியவில்லை.

அம்மா பேனாவை வாங்கினார். தாளின் மேல் பிடித்தார். மலைப்பக்கமிருந்து மண் தோண்டும் இயந்திரத்தின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மாவின் மற்றக் கை தாலியைப் பிடித்திருந்தது.

"அங்கன இன்னும் தோண்டிக்கிட்டு இருக்காங்க மிஸ். நான் இங்கன உக்காந்து அவர எப்படிச் சாகச் சொல்றது?"

பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"மகன் பேரையே போட்டுக்குங்க."

எனக்குப் பத்தொன்பது வயது. சொந்தச் சம்பளம் என்று ஒரு சதக் காசு கண்டதில்லை. என்னைக் குடும்பத் தலைவர் என்று எழுதினார்கள். தலைவரைச் சார்ந்தோர் என்ற இடத்தில் அம்மா. என்னிடம் வாதம் இருந்தது. கேட்க வேண்டியவர் அந்த மேசையில் இல்லை. கையெழுத்திட்டேன்.

ஒன்பதாம் நாள் தேடுவதைக் கைவிட்டார்கள்; இயந்திரம் நின்றது. அந்த அமைதியை அம்மா முதலில் கேட்டார். எழுந்து வாசலுக்குப் போனார். திரும்பி வரவில்லை. அங்கேயே அமர்ந்தார்.

இழந்தவற்றைச் சொல்கிறேன். ஒரு லயம். அதில் ஆறு வீடுகள். மாடும் கன்றும். கிடைத்த உடல்கள் நான்கு. கிடைக்காதவர் ஒருவர், என் அப்பா. உயிரோடு இருந்தும் தன் பெயரில் வீடு பெறாதவர் ஒருவர், என் அம்மா.

அன்று வாசலில் அவர் பக்கத்தில் நின்றேன். மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"அப்பா கெடைச்சாலும் கெடைக்காட்டியும் அந்த வீட்டுக்கு நீங்கதாம்மா சொந்தக்காரி. ஒங்க தாலியக் கழட்டச் சொல்லாம, ஒங்க பேர நான் அதுல எழுத வைப்பேன்."