நாங்கள் அமைதியாக்கிய ஆங்கில வகுப்பு

அன்பின் ஆழமே! ஆற்றலின் ஊற்றே! ஐந்தாம் வகுப்பின் அச்சாணியே! பிள்ளைகள் வாயால் ‘கைதட்டு டீச்சர்’ எனப் பட்டம் பெற்ற பெருமாட்டியே! பணி நிறைவு காணும் தங்களை வாழ்த்த வந்தோம். வாழ்த்தும் தகுதி உண்டா என்று தெரியாமலேயே வந்து நிற்கிறோம்.

முப்பது ஆண்டுக்கும் மேலாக ஆங்கிலத்தை அச்சமின்றி அறிமுகம் செய்தவர் தாங்கள்! நடந்துகொண்டிருக்கும் செயலையும் நடந்துகொண்டிருந்த செயலையும் கரும்பலகையில் எழுதிக் கழுத்தறுக்காமல், கண்ணெதிரே நடத்திக் காட்டியவர் தாங்கள்! ஒருத்தி தரையைப் பெருக்குவாள். ஒருவன் கண்ணுக்குத் தெரியாத பேருந்தைத் துரத்துவான். ‘ஷி இஸ் ஸ்வீப்பிங்! ஹி இஸ் ரன்னிங்!’ என்று வகுப்பே கூரை அதிரக் கூவும். தாங்கள் ஒருமுறை கைதட்டுவீர்கள், எல்லாரும் சிலையாவார்கள். “இப்பச் சொல்லுங்க, என்ன பண்ணிட்டு இருந்தாங்க?” என்பீர்கள். ‘ஷி வாஸ் ஸ்வீப்பிங்! ஹி வாஸ் ரன்னிங்!’ என்ற முழக்கம் முன்னதைவிடப் பெரிதாக எழும். இலக்கணம் என்ற பெயரே தெரியாமல் பிள்ளைகள் இலக்கணம் பேசினார்கள்.

அம்முழக்கம் எங்களுக்குத் தலைவலியாயிற்று. “இது வகுப்பா, சந்தைக்கடையா?” என்றார் அடுத்த அறைக் கணக்கு ஆசிரியர். இம்மடலை எழுதும் தமிழாசிரியனாகிய நான் ஒத்து ஊதினேன். எல்லாருமாகத் திரண்டு தலைமையாசிரியரிடம் போய் நின்றோம். தாங்கள் வாதாடவில்லை. “சரிங்க சார், இனிமே சத்தம் வராது” என்றீர்கள். இந்த ஆண்டு முழுதும் வரவில்லை. பிள்ளைகள் பலகையைப் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். பள்ளி இப்போதுதான் பள்ளியாக இருக்கிறது என்று தேநீர் குடித்துக்கொண்டே மெச்சிக்கொண்டோம். வெட்கக்கேடு!

சென்ற வாரம் ஆய்வுக்கு வந்த அதிகாரி ஐயா, எழுதிக்கொண்டிருந்த ஒரு சிறுமியிடம், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவள் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து தரையைப் பார்த்தாள். அடுத்தவனும் அப்படியே. பக்கம் பக்கமாகப் பிழையின்றி எழுதியிருந்த பிள்ளைகளுக்குப் பேச வாய் வரவில்லை. “இத்தனை வருஷமா என்னத்தம்மா சொல்லிக் கொடுத்தீங்க?” என்று அத்தனை பேர் முன்னிலையில் அவர் கேட்க, “என் குறைதாங்க ஐயா” என்றீர்கள். கதவருகே நின்ற நாங்கள் மரம்போல நின்றோம். அவர் போனபின் எங்களைத் தாங்கள் ஒரு சொல் கடியவில்லை. “பிள்ளைங்கள யாரும் திட்டிராதீங்க” என்று மட்டும் கேட்டுக்கொண்டீர்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

பொறுமைக் கடலே! வழக்கப்படி இவ்விடத்தில் தங்கள் பொறுமையைப் போற்ற வேண்டும். அப்பொறுமையில் குளிர்காய்ந்தவர்கள் நாங்களே என்பதால் போற்ற நா எழவில்லை. அதிகாரி ஐயா இம்மேடையில் அமர்ந்திருக்கிறார். இதைக் கேட்பதற்கென்றே அவரை அழைத்தோம். ஐயா, தங்கள் காதுபடவே சொல்கிறோம்: அந்தக் குறை டீச்சருடையது அன்று. பேசிக்கொண்டிருந்த வகுப்பின் வாயை அடைத்தவர்கள் நாங்கள். அவரது பணியைப் பற்றித் தாங்கள் எழுதப்போகும் கடைசி வரியில் எங்கள் பாவம் ஏற வேண்டாம்.

தங்களுக்குப் பின் யார் பாடம் எடுத்தாலும், திங்கட்கிழமை முதல் அவ்வகுப்பில் மறுபடி சத்தம் எழும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டாவது பாடம் நடத்துவதாகக் கணக்கு ஆசிரியர் வாக்களித்திருக்கிறார்.

நோயின்றி, நொடியின்றி, பேரன் பேத்திகளின் கூச்சலுக்குக் குறைவின்றித் தாங்கள் நீடு வாழ்க! மடலைச் சட்டமிட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது வழக்கம். தங்கள் வீட்டுச் சுவருக்கு எங்கள் வெட்கம் எதற்கு? இது ஆசிரியர் அறையிலேயே, நாங்கள் நாளும் நிமிர்ந்து பார்க்கும் இடத்தில் தொங்கட்டும்.

இப்படிக்கு,
பேச வேண்டிய நேரத்தில் பேசாத
ஆசிரியர்கள்