தமிழ்ப் படத்துக்குத் தமிழ் எழுத்து

கிறிஸ்டின்: அப்ப, நிலாவெளிக் கடற்கரையில நிண்டாலும் இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற படத்தைப் பாக்கலாம் எண்டுறீங்கள்.

ஹெக்டர்: ஓம். பெட்டி வீட்டில கிடக்கும், போனில கேட்டால் அனுப்பி வைக்கும். சிக்னல் குறைவெண்டால் அதுவே படத்தைச் சுருக்கி அனுப்பும். அதுதான் இதின்ர கெட்டித்தனம்.

கிறிஸ்டின்: கடலில நிண்டால்? கப்பல் இழுக்கிற உங்கட இழுவைப் படகில?

ஹெக்டர்: அங்கயும்தான்... ஏன் கேக்கிறாய்?

கிறிஸ்டின்: சும்மா. ஒவ்வொரு நாளும் நீங்களா வந்து விளங்கப்படுத்துவீங்கள். இண்டைக்கு நான் கேட்டாப்போல முழிக்கிறீங்கள்.

ஹெக்டர்: நீ கேக்கிறதுதான் புதினம். இஞ்சால வெளிச்சத்தில வந்து இருந்து கதையன்.

கிறிஸ்டின்: இதென்ன, தமிழ்ப் படத்துக்குக் கீழ தமிழ் எழுத்து ஓடுது?

ஹெக்டர்: அதுவோ... புதுசாப் போட்ட சொப்ட்வெயார். படத்தில கதைக்கிறதைக் கேட்டு அதுவே எழுதும். ஒரு சத்தம் வந்தால், இது இன்ன சொல்லாத்தான் இருக்கும் எண்டு கணிக்கும். முன்னுக்குப் பின்னுக்கு வாற சொல்லையும் பாத்துத்தான்...

கிறிஸ்டின்: இந்தப் படம் உங்களுக்கு மனப்பாடம். அதுக்கு என்னத்துக்கு எழுத்து?

ஹெக்டர்: தெரிஞ்ச படமெண்டால்தானே பிழை பிடிக்கலாம்.

கிறிஸ்டின்: நல்லா மழுப்புறீங்கள்.

ஹெக்டர்: என்னத்தை மழுப்பினனான்?

கிறிஸ்டின்: ஆஸ்பத்திரிக்குப் போனனான். ஜக்சனைப் பாக்க.

ஹெக்டர்: ...கை எப்பிடி?

கிறிஸ்டின்: வலக்கையில ரெண்டு விரல் இனி இல்லை. என்ர தம்பி, அழக்கூட ஏலாமக் கிடக்கிறான். நாளைக்குக் கொம்பனியில விசாரணை. கயிறு வழுக்கினது எண்டு நீங்கள் எழுதிக் குடுத்திருக்கிறீங்களாம்.

ஹெக்டர்: வழுக்கினதுதான்.

கிறிஸ்டின்: அவன் வேற கதை சொல்லுறான். "கை கயித்துக்க மாட்டுப்பட்டிட்டுது, இழுக்காதேங்கோ எண்டு வோக்கி டோக்கியில கத்தினனான், அத்தான் போனைப் பாத்துக்கொண்டு நிண்டவர்" எண்டு.

ஹெக்டர்: பின்தளத்தில நிண்டவனுக்கு என்ன தெரியும்?

கிறிஸ்டின்: சுக்கான் அறைக் கண்ணாடியால தெரிஞ்சிருக்கு. படகை ஓட்டிக்கொண்டு என்ன படம் பாத்தனீங்கள்?

ஹெக்டர்: படம் பாக்கேல்லை.

கிறிஸ்டின்: அங்கயும் பாக்கலாம் எண்டு இப்பதானே...

ஹெக்டர்: பாக்கலாம். பாக்கேல்லை. இந்தா, ஆர் என்ன பாத்தது எண்டு பெட்டியில கிடக்கும். அண்டைக்கு ஒண்டும் இல்லை.

கிறிஸ்டின்: அழிச்சிருப்பீங்கள். உங்களுக்குத் தெரியாத வேலையோ?

ஹெக்டர்: அழிக்கேல்லை.

கிறிஸ்டின்: அப்ப ஆரோ பொம்பிளை. இப்ப நீங்கள் ஒருத்தற்ற போன் கோலும் எடுக்கிறேல்லை, எல்லாருக்கும் மெசேஜ்தான். ஆற்ற மெசேஜை வாசிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்?

ஹெக்டர்: ஜக்சன்ர.

கிறிஸ்டின்: என்ன?

ஹெக்டர்: அவன் கதைக்கிறதை. வோக்கிக்குப் பக்கத்தில போனை வைச்சிருந்தனான். இதே சொப்ட்வெயார்தான், எழுத்தாக் காட்டும்... எனக்குக் காது கேக்கிறது குறைஞ்சிட்டுது, கிறிஸ்டின். முகத்தைப் பாத்துக் கதைச்சால் சமாளிப்பன். எஞ்சின் இரைச்சலுக்க ஒண்டும் பிடிபடாது.

கிறிஸ்டின்: எவ்வளவு காலமா?

ஹெக்டர்: போன நத்தார்ப் பண்டிகைக்கு முதலே. சொன்னால் படகால இறக்கிப் போடுவாங்கள்.

கிறிஸ்டின்: பிறகேன் அவன் கத்தினது விளங்கேல்லை? அதுதான் எழுதுமே.

ஹெக்டர்: படமெண்டால் முழுக்க முதலே கேட்டு எழுதி வைச்சிரும். அதால நேரத்துக்கு வரும். ஆள் நேரில கதைக்கேக்க அப்பிடி ஏலாது. சொல்லி முடிஞ்சாப் பிறகுதான் கணிக்கும், அதுக்குப் பிறகுதான் எழுதும்.

கிறிஸ்டின்: அண்டைக்கு என்ன எழுதினது?

ஹெக்டர்: இழுக்காதேங்கோ எண்டு. ஒரு பிழையும் இல்லாமத்தான் எழுதினது... நான் இழுத்தாப் பிறகு. நாளைக்கு ஜக்சன் எல்லாத்தையும் சொல்லுவான். சொல்லட்டும்.

கிறிஸ்டின்: சொல்லான். கயிறு வழுக்கினது எண்டு பின்னேரம் அவனும் கையெழுத்து வைச்சிட்டான், இடக்கையால. நீங்கள் படம் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டே, கடதாசி அசையாமப் பிடிச்சது நான்தான்.