சிவப்பு மூடி சிமென்ட்

– நொறுங்கிப் போச்சு ஹந்தோகோ. முப்பத்தெட்டுப் பிள்ளைங்கள்ல பதினாலு பேருக்குப் பல்லுல உன் அடைப்பு ஓரம் உதிர்ந்து கிடக்கு. கெருபுக் அப்பளம்கூட இதைவிடக் கொஞ்சம் தாங்கும். இதைக் கேக்கவா சுரபாயாவுல இருந்து காரைப் போட்டுக்கிட்டு வந்தே?

– நான் வந்தது உன் லெட்டருக்காக, வூலன். அதைத் திரும்ப வாங்கிக்கோ.

– காலைலயே சுகாதார ஆபீசுக்குப் போயாச்சு. பல்லடைக்க வெறும் சிமென்ட்டே போதும், கிருமி மருந்து எதுவும் வேண்டாம்னு எழுதிட்டேன். திங்கக்கிழமையிலேர்ந்து நாப்பத்தோரு கிளினிக்லயும் அதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைங்க வாய் உன் லேப்னு நினைச்சியா?

– கேளேன். ஒரு வருஷம்தானே பாத்திருக்கே. டேட்டா பத்தாது.

– டேட்டாவாம். ஒரே பிள்ளைக்கு வலது பக்கம் மருந்து கலந்த உன் சிவப்பு மூடி டப்பா சிமென்ட், இடது பக்கம் என் வெறும் வெள்ளை மூடி. நீ சொன்ன மாதிரியேதான் வெச்சேன். வெள்ளை மூடில ரெண்டே ரெண்டுதான் உதிர்ந்திருக்கு. அடியில ஒரு சொத்தை கிடையாது. உன் குளோர்ஹெக்சிடின் மருந்து கலக்காமலே!

– நீ கலக்கும்போது தண்ணி அதிகமா விட்டிருப்பே. அதான் உதிருது.

– ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். இருபது வருஷமா சிமென்ட் குழைக்கிறேன், என் கையைக் குத்தம் சொல்றியா? நீ கடைசியா ஒரு பிள்ளையோட வாயைத் திறந்து பாத்தது எப்போ, புரொஃபசர் ஐயா?

– லேப்ல என் தட்டைப் பாத்திருந்தா இப்படிப் பேச மாட்டே. கிருமி வளர்த்த தட்டுல என் சிமென்ட் வில்லையைச் சுத்தி ஒரு கிருமி அண்டல. இவ்ளோ பெரிய வட்டம்.

– பாத்தேன், பாத்தேன். கான்ஃபரன்ஸ்ல அந்த வட்டத்தைப் பெருசா படம் போட்டுக் காட்டினியே. வட்டம் பெருசா இருந்தா என்ன அர்த்தம்? மருந்து உன் சிமென்ட்டுல நிக்காம வெளியே ஓடுதுன்னு அர்த்தம். ஒரு மாசத்துல அத்தனையும் எச்சில்ல கரைஞ்சு போகுது. அது இருந்த எடம் ஓட்டையாகுது. அப்புறம் பிள்ளை கடலையைக் கடிக்குது, அடைப்பு உதிருது. இதுக்கு உனக்குக் கைதட்டல் வேற.

– சரி, உதிருது. ஒத்துக்கறேன், கலக்கற அளவைக் குறைக்கணும். ஆனா மருந்தே வேண்டாம்னு எழுதாதே. குழிக்குள்ள கிருமி இருக்கு வூலன். வெறும் சிமென்ட்டை வெச்சு மூடினா அது உள்ளேயே உக்காந்து தின்னும். நாப்பத்தோரு கிளினிக். எத்தனை ஆயிரம் பிள்ளைங்க.

– தின்னுச்சா? முப்பத்தெட்டுப் பிள்ளைங்க வாயில ஏன் தின்னல? உனக்கு வயித்தெரிச்சல், அவ்ளோதான். வாங்க துமினாக்கா, என்ன?

– மருந்து லிஸ்ட்டுங்க டாக்டரம்மா. திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறதுக்கு. ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா எடுத்து வெச்சிருவேன்.

– குடுங்க. பஞ்சு, கையுறை, சிமென்ட்... குளோர்ஹெக்சிடின் எதுக்கு அக்கா? கொப்புளிக்க வைக்கிறதை விட்டுத்தான் ரெண்டு வருஷம் ஆச்சே.

– கொப்புளிக்க இல்லைங்க. குழியச் சுரண்டினப்புறம் ஒரு தொடை தொடைக்க. அப்புறம்தானேங்க உங்களைக் கூப்பிடுவேன்.

– ஒரு நிமிஷம்மா. போன வருஷம் அந்த முப்பத்தெட்டுப் பிள்ளைங்களுக்கும் தொடைச்சீங்களா?

– ஆமாங்க சார்.

– சிவப்பு மூடி வெச்ச பக்கம் மட்டுமா?

– எந்த மூடின்னு எனக்கு எப்படிங்க தெரியும்? குழைக்கிறது டாக்டரம்மா. நான் ரெண்டு பக்கமும்தான் தொடைச்சேன். ஒரு நிமிஷம் நல்லா அழுத்திப் பிடிச்சு.

– நான் குடுத்த தாள்ல வெறும் தண்ணியில கழுவணும்னு எழுதியிருந்தேனே!

– தாளெல்லாம் டாக்டரம்மாகிட்டத்தானேங்க இருக்கும்.

– வூலன். மத்த கிளினிக்ல யாரும் இப்படித் தொடைக்கிறதில்ல. தெரியுமில்ல?

– நீ சும்மா இரு. அக்கா, உங்க இஷ்டத்துக்கு எல்லாம் செய்வீங்களா? குழியில மருந்து போட்டுத் தொடைக்கச் சொல்லி யார் சொன்னது உங்களுக்கு?

– நீங்கதாங்க டாக்டரம்மா. பதினோரு வருஷம் முன்னாடி, நான் இங்க வந்து சேர்ந்த மொத வாரத்துல. கிருமியை உள்ள வெச்சு மூடினா பிள்ளை பல்லு போயிரும், மருந்துல தொடைக்காம என்னைக் கூப்பிட்டா வேலையை விட்டே அனுப்பிருவேன்னு கத்துனீங்க. அன்னையிலேர்ந்து ஒரு குழியக்கூட நான் விட்டதில்லைங்க.