தள்ளாடாத நடை

மதுவிலக்கு திரும்ப வந்த புதிதில், பாண்டிச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் பஸ்ஸைக் கோட்டக்குப்பத்தில் நிறுத்திப் போலீஸ்காரர்கள் பாட்டில் தேடினார்கள். என் முன் சீட்டில் உப்பளத்து ஆட்கள் இருவர். ஒருவர் மடியிலிருந்த பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பழைய வேட்டியும் ஆஸ்பத்திரியில் கொடுத்த இறப்புச் சீட்டும்தான் இருந்தன.

போலீஸ்காரர் இறங்கியதும் பைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "எங்கண்ணனும் மொத தடவையே வாந்தி எடுத்திருந்தா இன்னிக்கு உசுரோட இருந்திருப்பாரு."

"என்னப்பா சொல்ற?"

"எனக்கு அரை கிளாஸ் சாராயத்துலயே தலை சுத்தி வாந்தி வந்துடுச்சு. ஊரே சிரிச்சுது. அதோட விட்டுட்டேன். அவருக்கு நாலு கிளாஸ் போனாலும் ஒண்ணும் ஆவாது. உப்புப் பாத்தி வரப்பு மேல நேரா நடப்பாரு. எங்கப்பாவும் அப்படித்தான்."

"ஒரே வயித்துல பொறந்தவங்கதானே நீங்க?"

"அதையேதான் டாக்டரையும் கேட்டேன். ஒவ்வொருத்தர் மூளையும் ஒரு மாதிரி, அது பொறப்புலயே வருது, போதை சீக்கிரம் ஏறாதவன்தான் நிறைய குடிச்சுக் கெட்டுப்போறான்னாரு."

பஸ் புறப்பட்டது.

"அண்ணன் மவன் எப்படி இருக்கான்?"

"அடக்கம் பண்ண அன்னிக்கு அழுதுகினே இருந்தான்னு பங்காளிங்க ஊத்திக் குடுத்தாங்க. மூணு கிளாஸ். ஸ்டெடியா நின்னானாம். அப்படியே அப்பன்தான்னு எல்லாரும் பெருமையா சொல்றாங்க."