மிச்சம் மூணு கிளாஸ்

அத எடுக்காதமா. இரு, நானே எடுத்துத் தரேன். காம்பப் புடிச்சித் தூக்கற பாரு, அங்கதான் தப்பு. பாக்கறதுக்குப் புடிக்கத் தோதா இருக்குது, ஆனா மொதல்ல போறதே அந்தக் காம்புதான். கீழ தட்டு மாதிரி இருக்குது பாரு, அதுக்கு ஒரு கை, மேல வயித்துப் பக்கம் ஒரு கை. இப்டி. உக்காரு சுகாசினி. நின்னுக்கினே இருந்தா எனக்குச் சொல்ல வரமாட்டேங்குது.

அவருதான் அனுப்பிச்சாரா, நீயே வந்தியா? அவருதான். நெனச்சேன். துணிமணி கேக்கல, ஆதார் கார்டு கேக்கல. கிளாஸ் வோணுமாம். ஆடி மாசம் இந்த வாசப்படி எறங்கிப் போன மனுஷன், தை பொறந்ததும் உன்ன ஐயம்பேட்டைலேர்ந்து ஷேர் ஆட்டோ ஏத்தி வுட்டிருக்கறாரு, இந்த மூணு கிளாசுக்காக.

பயப்படாத. சண்ட போடறதுக்கு உன்ன உக்கார வைக்கல. பரசுராமன் பொண்டாட்டிய வுட்டுட்டு, கடையில பொடவ மடிக்கிற பொண்ணோட போயிட்டான்னு செவிலிமேடு பூரா பேசியாச்சி. நான் பேசல. கோவம் வரும் வரும்னு நானும் பாத்தேன், வரல. பல்லு புடுங்கறதுக்கு ஊசி போட்டா ஒரு பக்கம் மரத்துப் போவுமே, அந்த மாதிரிதான் இருக்கறேன். அதனால நீ பாட்டுக்கு டீயக் குடி. நான் சொல்றத மட்டும் ஒழுங்கா காதுல வாங்கிக்கினு போ. இந்த மூணும் உங்கிட்ட முழுசா இருக்கணும். அவருக்காகச் சொல்லல, உனக்காகத்தான் சொல்றேன்.

இது எப்டி வந்துச்சின்னு சொன்னாரா? சொல்லியிருப்பாரே, சொல்லாம இருக்க மாட்டாரு. உங்க பட்டுக் கடைக்கு வெளிநாட்டுலேர்ந்து புருஷன் பொண்டாட்டி வந்தாங்க, இவருதான் டிரைவரு, கோயிலு கோயிலா அவங்கள சுத்திக் காட்டினாரு. ஊருக்குப் போறப்ப பொட்டியோட ஆறு கிளாஸ் குடுத்துட்டுப் போனாங்க. ஒயின் கிளாசாம். நம்ம ஊரு ஒயின் ஷாப்புல ஒயினத் தவிர எல்லாம் இருக்குமே, அதே கதைதான், இந்தக் கிளாசும் ஒயினக் கண்ணால பாத்ததில்ல. குவாட்டரு பிராந்தியும் சோடாவும்தான். ரோட்டோரத்துல பிளாஸ்டிக் கப்புல ஊத்திக் குடிக்கிறவனா நானுன்னு சொல்லுவாரு. அந்தக் கிளாசக் கையில புடிச்சிட்டாருன்னா உக்கார்ற தோரணையே வேற.

ஷோகேஸ்ல வச்சிப் பாக்கற சாமான் இது. தெனம் பொழங்கறதுக்குச் செஞ்சது இல்ல. மேல ஓரத்தத் தொட்டுப் பாரு, மெதுவா. வெங்காயச் சருகு கனமாவது இருக்குதா? இதத் தெனம் குடிச்சி, தெனம் கழுவி, தெனம் தொடச்சி, இத்தினி வருஷம் காப்பாத்தறது லேசு இல்ல சுகாசினி.

மொதல்ல வளையலக் கழட்டணும். உன் கையில கண்ணாடி வளையல் இருக்குது பாரு, அது ஒரு தட்டு தட்டுனா போதும். மோதிரமும் கூடாது. நான் காலைல வளையல எடுத்து ஆணியில மாட்டிட்டுத்தான் கழுவப் போவேன். நாளாவட்டத்துல மாட்டறதே மறந்து போச்சி. இன்னாடி காந்தா, புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப வெறுங்கையா திரியறன்னு பக்கத்து வீட்ல கேட்டாங்க. இப்பதான் மறுபடியும் போட்டுக்கினு இருக்கறேன். அவரு போன வாரத்துல வாங்கினேன், கருகப்பச்ச.

அப்புறம் தண்ணி. குடிச்சி முடிச்ச ஒடனே கழுவாத, தூக்கக் கலக்கத்துல கை வழுக்கும். கொஞ்சம் தண்ணி ஊத்தி செவுத்தோரமா வச்சிட்டு, காலைல கழுவு. எவர்சில்வர் தொட்டியில நேரா வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் பேசின் வச்சி, அடியில ஒரு டவல மடிச்சிப் போடு. ஒண்ணு ஒண்ணாத்தான். ஒண்ணு உள்ள இருக்கறப்ப இன்னொண்ண எறக்காத. சுடுதண்ணி கூடாது, வெதுவெதுன்னு இருந்தா போதும். தேங்கா நாரு, கம்பி பிரஷ்ஷு எதுவும் கூடாது, வெறும் வெரலுதான். கடைசியா அலசறதுக்கு மட்டும் கேன் தண்ணி. போர் தண்ணியில அலசினா காஞ்ச பிறகு வெள்ள வெள்ளயா திட்டு நிக்கும். நின்னா எலுமிச்சம் பழத்த அறுத்துத் தேச்சி வுடு, போயிடும். திட்டு நின்னா அவருக்குத் தெரியும். டியூப் லைட்டுக்கு நேரா தூக்கிப் புடிச்சி ஒரு சுத்து சுத்திப் பாப்பாரு. நீ இன்னும் பாக்கல. பாப்ப.

ஆறுல மூணு எப்டிப் போச்சின்னு கேக்கறியா? சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு நான் கெடுத்தது. அப்ப நான் சாயப் பட்டறைக்குப் போய்க்கினு இருந்தேன். பட்டு நூல சலவ சோடா போட்டு வேக வைப்பாங்க இல்ல, பசை எல்லாம் போயி நூலு சும்மா பளபளன்னு வரும். பட்டே அப்டி வருதே, கண்ணாடி வராதான்னு எனக்கு ஒரு புத்தி. ஒரு சொம்பு சோடாத் தண்ணிய வீட்டுக்கு எடுத்துக்கினு வந்து, அதுல ஊற வச்சி ஊற வச்சி ஒரு மாசம் கழுவினேன். நல்லாத்தான் இருந்துச்சி. அப்புறம் பாத்தா பால் ஊத்திக் கொட்டுனாப்புல மங்கிப் போச்சி. எலுமிச்சம் பழம் தேச்சேன், புளி தேச்சேன். கறையா இருந்தா போயிருக்கும். கண்ணாடியையே சோடா அரிச்சி வச்சிருக்குது, எப்டிப் போவும்? ஒண்ணோட போச்சேன்னு இருந்தேன். அவரு அத லைட்டுல பாத்தாரு, பாத்துட்டு செவுத்துல எறிஞ்சாரு. அது கணக்குல வராது. அவரு கையில ஒடஞ்சா கிளாசுக்கு ஆயுசு முடிஞ்சிதுன்னு அர்த்தம். நம்ம கையில ஒடஞ்சாத்தான் ஒடஞ்சது.

ரெண்டாவது, தொடைக்கறப்ப. ஒரு கையால அடித்தட்டப் புடிச்சிக்கினேன், இன்னொரு கையால துணிய உள்ள வுட்டுத் திருகினேன். கீழ ஒரு பக்கம் இழுக்குது, மேல ஒரு பக்கம் இழுக்குது, காம்பு இன்னா பண்ணும்? டக்குன்னுச்சி. பெருசா சத்தம் கூட வரல. அதான் சொல்றேன், எந்தப் பக்கத்தத் தொடைக்கிறியோ அந்தப் பக்கத்தத்தான் புடிக்கணும். அப்புறம் இன்னா ஆச்சா? அப்புறம் இன்னா, அஞ்சு இருந்துச்சி, நாலாச்சி.

மூணாவது எங்க திரிஷா. பத்தாவது படிச்சிக்கினு இருந்தா. அம்மாவுக்கு ஒத்தாச பண்றேன்னு கழுவி, டம்ளர் கவுக்கற மாதிரி கல்லு மேடை மேல கவுத்து வச்சிட்டா. ஓரம்தான மெல்லிசு, அது மேல கவுக்கலாமா? ஓரத்துல நகக்கண்ணு அளவுக்குப் பேந்துச்சி. நான்தான்னு சொல்லிட்டேன். அவ இப்ப சென்னையில நர்சிங் படிக்கிறா, ஹாஸ்டலு. லீவுக்குக் கூட நான் வரச் சொல்றதில்ல. பசங்க எல்லாம் ஊருக்குப் போவும், இவ மட்டும் ஹாஸ்டல்ல இருப்பா. எனக்கு அது கஷ்டமாத்தான் இருந்துச்சி. வந்துட்டுப் போன்னு இந்தப் பொங்கலுக்குத்தான் கூப்ட்டேன். வந்தா. நாலு நாளு தூங்கிக்கினே இருந்தா.

துணி சொல்லல பாரு. பருத்தித் துணி வோணாம், பஞ்சு ஒட்டும். அழுத்தித் தேச்சி எடுக்கறப்பதான் ஒடையும். இந்தா, இத எடுத்துக்கோ. பட்டு. தொட்டா வழுக்கிக்கினு போவுது பாரு, ஒரு தும்பு ஒட்டாது. எதுலேர்ந்து வெட்டினதா? என் கல்யாணப் பொடவ. சரிகை இல்லாத எடமாப் பாத்து வெட்டினேன், சரிகை பட்டா கீறல் வுழும். பீரோவுல சும்மாதான கெடந்துச்சி. இன்னும் ரெண்டு துண்டு இருக்குது, அதையும் வச்சித் தரேன். அழாத. பொடவ போனா போவட்டும், நான் அழல பாரு.

இன்னும் ஒண்ணு. ஐஸ் போட்டா கிளாச சாய்ச்சிப் புடிச்சி மெதுவா வுடு, மேலேர்ந்து டொப்புன்னு போடாத. அலமாரியில நிமுத்தித்தான் வைக்கணும், ஒண்ணோட ஒண்ணு ஒரசாம, நடுவுல ஒரு வெரலு எடம் வுட்டு.

இத்தன பாக்கணுமான்னு கேக்கற. பாக்கணும். எனக்கு இப்பவும் கை தானாப் போவுது. அவரு போன மறுநாளு காலைல எழுந்து பேசினு வச்சேன், டவல் போட்டேன், மூணையும் கழுவினேன், தொடச்சேன், லைட்டுல பாத்தேன். யாரும் வாய வைக்காத கிளாசு. நேத்து கூட கழுவினேன். இன்னாத்துக்குடி கழுவறன்னு என்னையே கேட்டுக்கினேதான் கழுவினேன்.

ஒடஞ்சா ஒடையட்டும், வேற வாங்கிக்கலாம்ன்றியா? வாங்கிப் பாத்துட்டேன் நானு. பேந்ததுக்குப் பதிலா சென்னைக்குப் போயி, இதே மாதிரி ஒண்ணு தேடி வாங்கியாந்து நடுவுல வச்சேன். கையில எடுத்தாரு, நகத்தால ஓரத்துல ஒரு சுண்டு சுண்டினாரு. இது சுண்டினா கோயில் மணியாட்டம் இழுத்துக்கினு கேக்கும், அது டொக்குன்னுச்சி. மெதுவா கீழ வச்சிட்டாரு.

ஆமா, அவரு சத்தமே போட மாட்டாரு. நீ சொல்றது சரிதான். தெருவுல யார வேணா கேளு, பரசுராமன் மாதிரி தங்கமான மனுஷன் உண்டான்னுதான் சொல்லுவாங்க. வாடி போடின்னு ஒரு நாளும் கூப்ட்டதில்ல. உங்கிட்டயும் அப்டித்தான் இருப்பாரு, இந்த ஆறு மாசமா கிளாசு உங்கிட்ட இல்லியே. குடிச்சாலும் கையில கிளாசு இருக்கற வரைக்கும் பூனையாட்டம் உக்காந்துக்கினு இருப்பாரு. ஒடஞ்சிதுன்னா மட்டும் எழுந்து போயி டிவி சத்தத்த ஏத்துவாரு.

அதுக்குத்தான். பக்கத்து வீட்ல கேக்கக் கூடாது இல்ல.

காம்பு ஒடஞ்சப்பதான் இந்தக் கை. தகடு வச்சிருக்குது உள்ள. அப்டி இப்டித் திரும்பாது, அதோட பட்டற வேலைக்கும் முழுக்குப் போட்டாச்சி. வண்டியிலேர்ந்து வுழுந்துட்டேன்னு டாக்டர்கிட்ட அவருதான் சொன்னாரு. பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சிக் குடுத்தாரு. திரிஷாவுக்கு பதிலா நான் ஒத்துக்கினப்ப என் ஒடம்புல எது போச்சின்னு கேக்காத, டீ குடிக்கிற நேரத்துல சொல்றதுக்கு இல்ல. அவ உள்ள ரூம்ல பொஸ்தகத்த வச்சிக்கினு கேட்டுக்கினு இருந்தா.

கிளாசு தரலன்னு சொல்லி உன்ன அனுப்பிடலாமான்னு யோசிச்சேன். நேத்து போன்ல நீ வரேன்னு சொன்னதுலேர்ந்து அதேதான் யோசன. ஒடச்சே போட்டுடலாமான்னு கூடத் தோணுச்சி. ஆனா நீ வெறும் பையோட போயி நிப்ப. நின்னா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. அதான் தரேன்.

போவாதன்னு நான் சொன்னா நீ கேக்கப் போறதில்ல. சக்களத்தி சொல்றா, வயித்தெரிச்சல்னு நெனைப்ப. உன் எடத்துல நான் இருந்தாலும் அப்டித்தான் நெனைப்பேன். போ. நல்லாக் கழுவு, நான் சொன்ன மாதிரியே கழுவு. இன்னா பண்ணாலும் ஒரு நாளைக்கு ஒடையும், அது கண்ணாடி.

அன்னிக்குக் குனிஞ்சிப் பொறுக்கிக்கினு நிக்காத. பெருக்கி எடுத்து மறைக்கலாம்னு பாக்காத. புதுசு வாங்கி வச்சிடலாம்னும் நெனைக்காத. அவரு ரிமோட்டக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி செருப்ப மாட்டு. செருப்பு தேட நேரம் இல்லன்னா அதுவும் வோணாம். ஆட்டோவோ பஸ்ஸோ, வர்றதுல ஏறிக்கோ, காசு நான் குடுத்துக்கறேன். நேரா இங்க வந்துடு. கதவத் தட்ட வோணாம், நான் உள்ள தாப்பா போடறதில்ல.

கை ஒடஞ்சப்ப நான் எங்க அம்மா வீட்டுக்குத்தான் போனேன். ஒரு கிளாசு ஒடஞ்சதுக்கா ஓடியாந்தன்னு கேட்டாங்க. கட்டுப் போட்ட கையோட, தலையில பூ வச்சி, மடியில வெத்தலபாக்கு வச்சி, திருப்பி இவருகூடவே அனுப்பிட்டாங்க. எனக்கு வேற வீடு இல்ல. உனக்கு இந்த வீடு இருக்குது.