ஜெயிக்கிற கை

— உன்ற கைப்பிடி அளக்கற மிஷின்தான் கெட்டுப்போச்சு அம்மிணி. என்ற கை நல்லாத்தான் இருக்குது. இன்னொருக்கா அமுக்கறேன், பாரு.

— மூணு தடவை அமுக்கிட்டீங்க, சென்னிமலை ஐயா. பதினோரு கிலோதான் காட்டுது. போன மாசமும் இதே பதினொண்ணுதான்.

— அட சும்மா இரு, சௌந்தர்யா! நீ பிசியோதெரபின்னு மாசத்துக்கு ஒருக்கா வந்து அளக்கறே. நானும் என்ற ஊட்டுக்காரியும் தெனோம் வெடியால அளக்கறோம். காப்பி குடிச்சதும் எதிரெதிரா உக்காந்து, சோத்தாங்கையும் சோத்தாங்கையும் கோத்து ஒரே அமுக்கு. யாரு மொதல்ல உடறாங்களோ அவிங்க தோத்தாங்க.

— பந்தயமா? நான் ரப்பர் பந்தைத்தானே அமுக்கச் சொன்னேன்?

— பந்தை அமுக்கறதுல என்ன ருசி? எனக்கு வாதம் அடிச்ச புதுசுல இவதான் ஜெயிச்சுட்டு இருந்தா. கோயில் நோம்பி முடிஞ்சதுல இருந்து நாந்தான். நேத்து "உடுங்க, உடுங்க"ன்னு கத்தியே போட்டா. ஏன் காளியாத்தா, சொல்லு!

— ஆமாங் கண்ணு. இவருதான் ஜெயிக்கறாரு. நல்லாத் தெம்பு வந்துருச்சுங்க.

— கேட்டுக்க! முப்பது வருசம் போர் போடற ரிக் வண்டி ஓட்டுன கை இது. திங்கக்கெழமை டிராக்டர் எடுக்கறேன்னு மல்லசமுத்திரம் பூராச் சொல்லியாச்சு.

— டிராக்டரா! ஐயா, ஒரு பள்ளத்துல எறங்குனா ஸ்டியரிங் உங்க கையைப் பிச்சுக்கிட்டுப் போயிடும். இருங்க, நானே அமுக்கிக் காட்டறேன். பாருங்க, இருபத்தாறு. எனக்கு எப்பவும் இதான் வரும். மிஷின்ல கோளாறே இல்ல.

— அப்பறம் நான் எப்படி ஜெயிச்சேன்?

— அம்மா விட்டுக் குடுத்திருப்பாங்க. நீங்க மனசு ஒடைஞ்சு போகக்கூடாதுன்னு.

— அடியே! வேணுமுன்னே தோத்தயா? என்னைய என்ன சின்னப் பையன்னு நெனச்சுட்டயா? இனி நான் கடைவீதில எந்த மூஞ்சியோட நடப்பேன்!

— கோவிச்சுக்காதீங்க...

— உட்டுக் குடுத்தயா, இல்லயா?

— திட்டாதீங்க ஐயா. பாசத்துலதானே செஞ்சாங்க.

— நீ சும்மாரு அம்மிணி. அவ வாயால சொல்லட்டும்.

— ஆமாங்க. உட்டுத்தானுங்க குடுத்தேன்.

— என்ற மொகத்தைப் பாத்துச் சொல்லு!

— இல்லீங்க. பொய் சொல்லிப்போட்டேன். ஒரு நாளுங்கூட உட்டுக் குடுக்கலீங்க. பல்லைக் கடிச்சுட்டு, என்னால ஆனமட்டும் அமுக்கறேன். கைதான் சொன்ன பேச்சுக் கேக்கமாட்டேங்குது.

— அம்மா, இங்க வாங்க. இதைப் பிடிங்க. நல்லா அமுக்குங்க. இன்னும் அமுக்குங்கம்மா!

— அமுக்கிட்டுத்தான் இருக்கறேன் கண்ணு.

— எத்தனை காட்டுது? அம்மிணி, சொல்லு!

— ஏழு.

— ஏழா? என்ற பதினொண்ணைக் காட்டியும் கம்மியா? அட சாமி!

— இடது கையில பிடிங்கம்மா... இருபத்திரண்டு. கடவுளே! வலது கை எப்ப இருந்து இப்படி இருக்கு?

— நோம்பிக்கு மறுநா வெடியால எந்திரிச்சப்ப மரத்துப் போய்க் கெடந்துச்சுங்க. வாய்கூடக் கோணுனாப்ல இருந்துச்சு. வாய் சித்த நேரத்துல சரியாயிருச்சு. கையில நரம்பு புடிச்சிருக்குமுன்னு உட்டுட்டேன். அன்னைக்குத்தான் இவரு மொதமொதல்ல ஜெயிச்சாரு. ஏகத்துக்கும் சிரிச்சாருங்க. அந்தச் சிரிப்பைப் பாத்துட்டு நான் எப்படிங்க வாயைத் தொறக்கறது?

— அய்யய்யோ! அது நரம்புப் பிடிப்பு இல்லம்மா. ஐயாவுக்கு வந்த அதே வாதந்தான்! இத்தன நாள் மாத்திரைகூட இல்லாம இருந்திருக்கீங்களே! அப்படியே உக்காருங்க, அசையாதீங்க. நான் ஆம்புலன்சைக் கூப்பிடறேன், இப்பவே சேலம் போயாகணும்.

— இவளுக்குக் கை உழுந்ததை நான் ஜெயிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சிருக்கறேன்! காளியாத்தா, பயப்படாத, நானும் கூட வாரேன். இந்தா, என்ற நல்ல கை. உன்ற சோத்தாங்கையால கெட்டியாப் புடிச்சுக்க. புடி! ஏன் சும்மா வெச்சிருக்கறே? புடி காளியாத்தா!

— புடிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்.