மாடியில் தொங்கிய நல்ல பிள்ளை

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர், எங்கள் மாமா அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பண்ணைக்காரர்களே, ஆய்வுக்கூடத் தோழர்களே, அக்காவின் இரங்கல் கூட்டத்துக்கு வந்த அனைவருக்கும் வணக்கம். அழுதுவிடுவேனோ என்று நினைத்துத்தான் எழுந்தேன். ஆனால் அழுகையைவிடப் பயம்தான் முந்திக்கொண்டு வருகிறது. அதை மறைத்துப் பேசினால் அது அக்காவுக்கு மரியாதை ஆகாது.

காற்றாய்வாளர் அம்மையாரை நாமெல்லாம் 'மூக்கக்கா' என்றே அழைத்தோம். ஜீப்பை விட்டு இறங்கியதும் மூக்கைத் தூக்குவார். கருவி சொல்வதற்கு முன்னால் அவர் சொல்லிவிடுவார். சாணக்குழியிலிருந்தும் யூரியா போட்ட வயலிலிருந்தும் கிளம்பும் அமோனியா, வண்டிப் புகையோடு சேர்ந்து பொடித் தூசியாகி நுரையீரலின் அடிவரை இறங்குகிறது என்று இந்த வட்டாரத்துக்கு அளந்து காட்டியவர் யார்? மூக்கக்கா. நாற்பது கம்பங்களில் அமோனியாவை அளக்கும் விரல் நீளக் குழாய்களைக் கட்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தன் கையாலேயே மாற்றியவர் யார்? மூக்கக்கா.

அதோ தூணருகே நிற்கும் பண்ணைக்காரர் ஒருநாள் அவரை மடக்கினார். "மாடு மூத்திரம் பெய்யக் கூடாதுன்னா எப்படிம்மா? நான் போய் அதுங்ககிட்ட சொல்லட்டுமா?"

"மாட்டுகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்ணே. குழிக்கு மூடி போடுங்க, போதும்."

முணுமுணுத்துக்கொண்டே போட்டார். அந்தக் கம்பத்தில் அளவு பாதியாக இறங்கியது. அதற்குப் பிறகு அக்காவைத் தேநீர் குடிக்காமல் அவர் அனுப்பியதில்லை.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். நாற்பத்தோராவதாக ஒரு குழாய் உண்டு. அது நம் அலுவலக மொட்டைமாடியில் தொங்கியது. வயலும் இல்லை, மாடும் இல்லை, ஆகவே இங்கே சுத்தமான காற்று என்று நம்பி, ஒப்பிட்டுப் பார்க்க அதை வைத்தோம். வம்புதும்பு இல்லாததால் 'நல்ல பிள்ளை' என்று பெயர். பண்ணைகளால் கூடியது எவ்வளவு என்று அறிய, நல்ல பிள்ளை காட்டும் அளவை மற்ற நாற்பதிலிருந்தும் கழிப்பது என் வேலை. ஆறு வருடம் அதைச் செய்தேன். ஒருநாளாவது அந்த அளவைத் தனியே எடுத்துப் பார்த்தேனா? இல்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில் அக்காவும் ஜீப் ஓட்டுநரும் மாடிக்குப் போனார்கள். "இங்கயும் பண்ணை வாடை அடிக்குதுக்கா" என்றார் ஓட்டுநர். அக்கா மூக்கைத் தூக்கிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையேப்பா" என்றார். இருபது வருடம் அந்தக் காற்றுக்குள்ளேயே நின்ற மூக்குக்கு வாடை தெரியாமல் போயிருந்தது.

கீழே வந்து நல்ல பிள்ளையின் அளவுகளை மட்டும் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வருடத்துக்கு வருடம் ஏறியிருந்தன. மாடிக் காற்றும் கெட்டிருக்கிறது. கெட்டதைச் சுத்தம் என்று கழித்துக் கழித்து, உங்கள் எல்லோருக்கும் குறைத்தே சொல்லியிருக்கிறேன். அந்த மாடிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் என் மகள் வீடு. அவள் மாசமாக இருக்கிறாள். அவள் சன்னலைத் திறக்கும்போதெல்லாம் நான் போய்ச் சாத்துகிறேன்.

அதற்குள் நுரையீரல் கெட்டுப் படுத்துவிட்ட அக்கா, மருத்துவமனைக் கட்டிலில் இருந்தே அந்த ஆறு வருட அறிக்கையைத் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது கையெழுத்து நான் போட வேண்டும். மேலிடம் சும்மா விடுமா? பண்ணைக்காரர்கள் என் முகத்தில் விழிப்பார்களா? "பயமா இருக்குக்கா" என்றேன்.

ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு அக்கா சொன்னார்: "எனக்கு மட்டும் இல்லையா? பயந்துக்கிட்டே போடுங்க. கோணலா இருந்தாலும் கையெழுத்து கையெழுத்துதான்."

நான் போடவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்றேன். அவர் போய் ஒன்பது நாளாகிறது. நுரையீரல் கெட்டது எதனால் என்று மருத்துவர் சொல்லவில்லை. தெரியாததை நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால் தெரிந்ததைச் சொல்வேன். நாளை முதல் நாற்பத்தொரு குழாயையும் நான் மாற்றுவேன். எதிலிருந்தும் எதையும் கழிக்காமல், வந்த அளவை வந்தபடி அலுவலக வாசலில் எழுதி ஒட்டுவேன். அறிக்கை இதோ, என் கையில் இருக்கிறது. அக்காவின் கையெழுத்துக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது. இப்போதே போடுகிறேன், நீங்கள் எல்லோரும் சாட்சி.

மாமா, கொஞ்சம் மேலே வாருங்கள். இந்தப் பேனா மூடியைக் கழற்றித் தாருங்கள், எனக்குக் கழற்ற வரவில்லை.